ஒன்பதாம் ராக்கெட்டின் வால்வு

ஜனவரி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால், மீதியையும் படித்துவிடுங்கள். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்குக் கேட்கப் போவதில்லை. முப்பத்து நான்கு வருடம் எஞ்சின் சோதனை மேடைக்குப் பக்கத்தில் நின்றதில் வலது காது சுத்தமாகப் போய்விட்டது, இடது காது அரைகுறை. போன மாதம் தங்கச்சி போனில் ஏதோ சொன்னாள். 'நல்லா இருக்கோம்' என்றாளா, 'நல்லா இருங்க' என்றாளா என்று இன்றுவரை தெரியவில்லை. அவளை உங்களுக்குக் கட்டிக்கொடுத்து முப்பது வருடம் ஆகப்போகிறது. நீங்கள் என் வீட்டு வாசலை மிதித்து ஒன்பது வருடம். என்ன கோபம் என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸ் தொடங்கி ஐம்பது வருடம் ஆனதற்குப் பொன்விழா மலர் போடுகிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஓர் அத்தியாயம் எழுத வேண்டும். 'உங்க அனுபவத்த எட்டுப் பக்கத்துல குடுங்க சார், கொஞ்சம் உற்சாகமா இருக்கட்டும்' என்றாள் மலரைத் தொகுக்கிற பெண். நானும் உற்சாகமாகத்தான் தொடங்கினேன். எங்கள் எஞ்சின் முதன்முதலில் பற்றிக்கொண்ட நாளில் கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடி விரிசல் விட்டதையும், அதைப் பார்த்துப் பயப்படாமல் எல்லோரும் கை தட்டியதையும் எழுதினேன். பதினேழு ராக்கெட்டுகள். பதினாறில் நான் வடிவமைத்த வால்வு சொன்ன நொடியில் திறந்தது, சொன்ன நொடியில் மூடியது. ஐந்தாம் பக்கத்தில், தோற்றுப்போன ஒன்பதாம் ராக்கெட் வந்தது. பேனா நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் படம் எடுக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். பிரிவுபசார விழாவில் எனக்கு நினைவுப் பரிசாக ஒரு வால்வை மரப்பீடத்தில் பொருத்திக் கொடுத்தார்கள். நீங்கள் விழாவுக்கு வராததால் பார்த்திருக்க மாட்டீர்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரிக்க வேண்டுமாம். ஆறு வருடமாக அலமாரியில் இருந்து மங்கிப்போயிருந்தது. கழற்றித் துடைக்கலாம் என்று சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன்.

ஸ்பிரிங்கை வெளியே எடுத்தேன். அது ஏறி இறங்குகிற சின்னக் குழாய் இருக்கிறதே, ஸ்லீவ், அதன் உள்சுவரில் நீளமாக ஒரு கீறல். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கீறல் முடிகிற இடத்தில் தலைமுடி கனத்துக்கு ஓர் உலோகச் சீவல் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங்கின் முனை இறங்கும்போதெல்லாம் சுவரை உரசிச் சீவியிருக்கிறது.

மாப்பிள்ளை, இந்த வால்வு நீங்கள் வேலைக்குச் சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பு சோதனைக்காகச் செய்தது. உங்கள் கை இதில் பட்டதே இல்லை.

அப்படியானால், ஒன்பதாம் ராக்கெட்டில் வால்வைப் பாதியில் நிறுத்திய துணுக்கு நீங்கள் அசெம்ப்ளி செய்யும்போது வெளியிலிருந்து புகுந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வால்வுக்குள்ளேயே பிறந்திருக்கலாம். நிச்சயம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு வால்வை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆனால் விசாரணைக் கமிட்டியின் முடிவை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்பது என் தொழில்முறைக் கருத்து.

உங்களிடம் ஒரு உதவி. அந்த நாட்களில் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பீர்கள். வால்வை எத்தனை தடவை திரவம் விட்டு அலசி ஃப்ளஷ் செய்தீர்கள், எப்போது கையுறை மாற்றினீர்கள் என்று குறித்து வைப்பீர்கள். அது இருந்தால் அனுப்பி வையுங்கள். ஆபீஸுக்கு எழுத ஆதாரம் வேண்டும்.

தங்கச்சியிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம். எல்லாம் ஒரு முடிவுக்கு வந்ததும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் மச்சான்


ஜனவரி 20

மச்சானுக்கு,

'அன்புள்ள' என்று போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை, எடுத்துவிட்டேன்.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தடவை படித்தேன். கீறல் இருக்கிறது, சீவல் இருக்கிறது, பூதக்கண்ணாடி இருக்கிறது, தொழில்முறைக் கருத்துகூட இருக்கிறது. மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் காணோம். வைத்த இடம் மறந்துவிட்டதா?

நோட்டைக் கேட்கிறீர்கள். விசாரணையின் இரண்டாம் நாள் அதை நான் கமிட்டி மேசையில் வைத்தேன். நீங்கள் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தீர்கள். தலைவர் அதைப் பிரிக்காமலே ஓரமாக நகர்த்தினார். 'இது ஆபீஸ் ரெக்கார்டு இல்லையே' என்றார். அத்தோடு சரி, நோட்டு திரும்பி வரவில்லை. மூன்று தடவை ஃப்ளஷ் செய்தது அதில் இருந்தது. கடைசி ஃப்ளஷுக்கு ஆபீஸ் படிவத்தில் நான் கையெழுத்துப் போடாமல் விட்டது உண்மை. தூசியே புகக் கூடாத கிளீன் ரூமுக்குள் பேனா கூடாது, வெளியே போய்ப் போடலாம் என்று வந்தேன். 'மாப்பிள்ளே, லாரி நிக்குது, பெட்டிய மூடுங்க!' என்று வாசலில் நின்று கத்தியது யார்?

பிறகு தலைவர் உங்களைக் கேட்டார். 'நீங்கதான டிசைன் பண்ணுனீங்க, இந்தத் துணுக்கு வால்வுக்குள்ளயே உண்டாகியிருக்க முடியுமா?' நீங்கள் ஒரே வார்த்தை சொன்னீர்கள். 'வாய்ப்பில்ல.'

எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் நீங்கள். பெண் கொடுத்தவரும் நீங்கள். அந்த ஒரு வார்த்தையில் என்னைக் கைகழுவி விட்டீர்கள்.

கிளீன் ரூமிலிருந்து ஸ்டோர்ஸ். பதினான்கு வருடம் நட்டும் வாஷரும் எடுத்துக் கொடுத்தேன். அங்கே எனக்குத் 'தூசி' என்று பெயர். 'தூசியண்ணே, நாலு போல்ட் குடுங்க' என்பார்கள். முதலில் கேலியாக இருந்தது. கொஞ்ச காலத்தில் கேலியும் போய் அதுவே என் பெயராகிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது ஏன் என்றே தெரியாது.

வீட்டு விஷயம் ஒன்று. உங்கள் தங்கை ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. 'விடுங்க, யாருக்குமே ஒரு தடவ தவறுறதுதான்' என்பாள். அதுதான் ஆறுதலாம். ஆனால் நான் கழுவி வைத்த டம்ளரை எடுத்து ஒரு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பார்க்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. பதினெட்டு வருடமாகப் பார்க்கிறாள்.

அவளிடம் சொல்ல வேண்டாம் என்று எனக்கு உத்தரவு போடாதீர்கள். நான் இப்போது உங்கள் பிரிவில் வேலை செய்யவில்லை.


பிப்ரவரி 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மன்னிப்புக் கேட்கிறேன். எழுதிவிட்டேன். எழுதிய பிறகு பார்த்தால் படிவத்தில் கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் எழுதியதற்குப் பிறகு சும்மா இருக்க முடியாமல் ஆபீஸுக்குப் போனேன். மூன்று தடவை போனேன். முதல் நாள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். 'யாரைப் பாக்கணும்?' என்றார் காவலர். வால்வுப் பிரிவை என்றேன். 'அவங்க உங்கள வரச் சொன்னாங்களா?' அந்தப் பிரிவைத் தொடங்கியதே நான்தான் என்றேன். 'அது சரிங்க, வரச் சொன்னாங்களா?'

இரண்டாம் நாள் வரவேற்பறையில் உட்கார வைத்தார்கள். 'விருந்தினர்' என்று ஒரு ஸ்டிக்கரை எடுத்துச் சட்டையில் ஒட்டினார்கள். எதிர்ச் சுவரில் நம் நான்காம் ராக்கெட் கிளம்புகிற படம் பெரிதாக மாட்டியிருந்தது. மூன்று மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருவர் வந்து, எல்லோரும் மீட்டிங்கில் இருக்கிறார்கள் என்று சொல்லி ஸ்டிக்கரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் உள்ளே விட்டார்கள். இப்போதைய பிரிவுத் தலைவர் என்னிடம் பயிற்சிக்கு வந்து சேர்ந்தவர்தான். எழுந்து நின்றார், நாற்காலி போட்டார், மரியாதைக்குக் குறைவில்லை. வால்வைப் பிரித்துக் காட்டினேன். சீவலைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

'சார், பதினெட்டு வருஷம் ஆச்சு. இப்ப இத யாரு கேக்குறா?'

'நான் கேக்குறேன்.'

'அந்த ரிப்போர்ட்ட மூடியாச்சு சார். திறக்கணும்னா புதுசா கமிட்டி போடணும். கமிட்டி போடணும்னா புது ஆதாரம் வேணும்.'

'ஆதாரம்தான் உங்க கையில இருக்கே.'

'இது நினைவுப் பரிசு சார். இருப்புலேருந்து நீக்கின பொருள். ரெக்கார்டுப்படி இந்த வால்வு இப்ப கிடையவே கிடையாது.'

கையில் பிடித்துக்கொண்டே சொன்னார், மாப்பிள்ளை. கிடையாத வால்வைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னார்.

பழைய கோப்பையாவது பார்க்கலாம் என்றால் அதற்கு ஒரு விண்ணப்பம். விண்ணப்பத்தில் பணியாளர் எண் கேட்கிறார்கள். என் எண்ணைப் போட்டால் கம்ப்யூட்டரில் வேறு யாரோ ஒரு பெண்ணின் படம் வருகிறது. நான் ஓய்வு பெற்றதும் அதை அவளுக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

மலர்க்காரப் பெண்ணுக்கு ஐந்தாம் பக்கத்தைத் திருத்தி எழுதி அனுப்பினேன், ஒன்பதாம் ராக்கெட்டின் பழியை மறுபடி ஆராய வேண்டும் என்று. 'அஞ்சாம் பக்கம் மட்டும் கொஞ்சம் சோகமா இருக்கு சார், எடுத்துட்டா சரளமா ஓடும்' என்கிறாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. சோதனை மேடையில் எஞ்சின் வெடித்தபோதுகூட இப்படி இல்லை. வெடித்தால் அதற்கு ஒரு சத்தமாவது இருக்கும். இங்கே எல்லோரும் சிரித்துக்கொண்டே என் வாயைப் பஞ்சு வைத்து அடைக்கிறார்கள்.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். அன்று கமிட்டி அறையில் நான் சொன்னது வேண்டுமென்றே சொன்ன பொய் இல்லை. அன்று எனக்குத் தெரிந்த அளவில் அதுதான் உண்மை. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

உங்கள் மச்சான்


பிப்ரவரி 11

மச்சானுக்கு,

வாசலில் நிறுத்தினார்கள், ஸ்டிக்கர் ஒட்டினார்கள், மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள் என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாள் பட்டதற்கே இவ்வளவு ஆத்திரமா? நல்லது.

'அன்று எனக்குத் தெரிந்த அளவில்' என்கிறீர்கள். சரி, நம்புகிறேன். அன்றைய கதை அதோடு போகட்டும். ஒன்பது வருடத்துக்கு முன்பு உங்களுக்கு எவ்வளவு தெரியும்?

புரியவில்லை என்றால் புரிய வைக்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலையில் ஸ்டோர்ஸ் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். வால்வுப் பிரிவிலிருந்து மூன்று பெட்டிகள் வந்தன. பழைய ஸ்லீவ்கள், கழித்துக் கட்ட வேண்டியவை. அதற்குப் பதிலாகப் புது ஸ்லீவ்கள் வாங்கிப்போனார்கள், கடினமான உலோகத்தில் செய்தவை. எதற்காக மாற்றுகிறார்கள் என்று கேட்டேன். வந்தவன் தோளைக் குலுக்கினான். கூட வந்த தாளில் 'ஆயுளை நீட்டிக்க' என்று எழுதியிருந்தது.

கழிவுப் பொருளை வாங்கினாலும் பார்த்து வாங்குகிறவன் நான். ஒரு பெட்டியைப் பிரித்தேன். முதல் ஸ்லீவைக் கண்ணுக்கு நேராக வைத்து ஜன்னல் பக்கம் பார்த்தேன். உள்ளே கீறல். இரண்டாவதிலும் கீறல். அந்தப் பெட்டியில் நாற்பது இருந்தன. பதினொன்றில் அதே இடத்தில் அதே கீறல். மச்சான், எனக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. அந்த வால்வை இருநூறு தடவைக்கு மேல் என் விரலால் கோத்திருக்கிறேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

தாளின் அடியில் கையெழுத்துப் போடப் போனேன். எனக்கு மேலே இன்னொரு கையெழுத்து இருந்தது. உங்களுடையது.

ஒரு ஸ்லீவை எடுத்துப் பையில் போட்டிருக்கலாம். ஸ்டோர்ஸிலிருந்து ஒரு ஸ்க்ரூவைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை, அன்றும் கொண்டுவரவில்லை. கையெழுத்துப் போட்டேன். மத்தியானம் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

அந்த வாரம் நீங்கள் வீட்டுக்கு வருவீர்கள் என்று இருந்தேன். 'மாப்பிள்ளே, ஒரு தப்பு நடந்துபோச்சு' என்று நீங்கள் தொடங்குவதாகவும், நான் 'விடுங்க மச்சான்' என்பதாகவும் மனசுக்குள் பேசிக்கூடப் பார்த்துவிட்டேன். வந்தீர்கள். சாப்பிட்டீர்கள். நான் வாசல் கேட்டுக்கு அடித்திருந்த பச்சை பெயின்ட்டைப் பார்த்து, 'என்ன மாப்பிள்ளே, கிளிக்கூண்டு மாதிரி இருக்கு' என்று சிரித்தீர்கள். போய்விட்டீர்கள். அன்றைக்கு நிறுத்தினேன் உங்கள் வீட்டுக்கு வருவதை. பெயின்ட்டைக் கேலி செய்ததற்குக் கோபம் என்று உங்கள் தங்கை நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் திருத்தவில்லை. நீங்களாக வந்து சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். கொஞ்ச வருடத்தில் காத்திருப்பது போய் வெறும் வீம்புதான் மிஞ்சியது.

இப்போது சாப்பாட்டு மேசையில் கண்டுபிடித்ததாக எழுதுகிறீர்கள். எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். ஆபீஸ் பாஷையில் வேண்டாம்.


பிப்ரவரி 15

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. ஏழு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் 'அந்தச் சூழ்நிலையில்' என்று எழுதினேன். இதில் எழுதப் போவதில்லை.

தெரியும்.

அந்த மாறுதலுக்கான தாளை என்னிடம் கொண்டுவந்தபோது, பின்னால் ஒரு படம் இணைத்திருந்தார்கள். சோதனைக்குப் பிறகு வெட்டிப் பார்த்த ஸ்லீவின் படம். கீறல் தெளிவாகத் தெரிந்தது. பார்த்தேன். ஒன்பதாம் ராக்கெட் என்ற நினைப்பு வருவதற்குள் பக்கத்தைப் புரட்டினேன். வருவதற்குள் என்பதுகூடப் பொய். அது வந்துவிட்டதால்தான் புரட்டினேன். கொண்டுவந்தவர்களுக்கு உங்கள் கதை தெரியாது, எல்லோரும் புதியவர்கள். 'படம் தேவையில்லப்பா, ஆயுளை நீட்டிக்கன்னு போட்டாப் போதும்' என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டேன். அதுதான் இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு வந்தது சொல்லத்தான். பெயின்ட்டைப் பற்றிச் சிரித்தது, வேறு எதையாவது பேசிவிட வேண்டும் என்ற பயத்தில். நீங்கள் வருவதை நிறுத்தியதும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. இனி முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

வால்வைத் துடைப்பதற்காகக் கழற்றவில்லை. மலருக்கு எழுதும்போது ஐந்தாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. அந்த ஒன்றிலாவது கீறல் இருக்காது, எல்லாம் என் பிரமை என்று ஆகிவிடும் என்கிற ஆசையில் கழற்றினேன். இருந்தது. பிறகு உங்களுக்கு எழுதும்போது, அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல எழுதினேன். முப்பத்து நான்கு வருடத்தில் அறிக்கை எழுதுவதில் எனக்கு அவ்வளவு நல்ல பழக்கம்.

நீங்கள் கேட்ட பதில் இதுதான்.


பிப்ரவரி 19

மச்சானுக்கு,

படித்தேன். ஒன்பது வருடம் எதற்காகக் காத்திருந்தேனோ அது தபாலில் வந்திருக்கிறது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள். உங்கள் தங்கையிடம் நீங்களே சொல்ல வேண்டும். கடிதம் கூடாது, போன் கூடாது. எனக்கு ஒன்பது வருடத்துக்கு முன்பே தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. நான் கடைக்குப் போய்விடுவேன்.


மார்ச் 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அந்தச் சனிக்கிழமை நீங்கள் கடையிலிருந்து வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன். ஓடிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவள்தான் போகச் சொன்னாள்.

நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவள் பழைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள், மடித்துக்கொண்டே இருந்தாள். கமிட்டி அறையைச் சொன்னேன். படத்தைப் புரட்டியதைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், இல்லை. 'அவருக்கு எப்பத் தெரியும்?' என்று மட்டும் கேட்டாள். ஒன்பது வருடம் என்றேன். மடிப்பதை நிறுத்தினாள். ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

'என்னம்மா?' என்றேன்.

மறுபடி சொன்னாள். மறுபடியும் கேட்கவில்லை. காதைக் கிட்டே கொண்டுபோனேன். அப்புறம் அவள் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். 'ரெண்டு பேரும் சேந்து என்ன முட்டாளாக்கிட்டீங்க! உங்கள நம்பி அவர சந்தேகப்பட்டேன். அவரு, உண்மை தெரிஞ்சும் நான் சந்தேகப்படுறத பாத்துக்கிட்டே இருந்திருக்காரு!'

பிறகு 'போங்கண்ணே' என்றாள். அது மட்டும் நன்றாகக் கேட்டது.

ஆபீஸ் தலைவருக்கு எல்லாவற்றையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான அட்டை வந்தது. பதில் வரவில்லை. வரும் என்றும் நான் நினைக்கவில்லை. மலரிலிருந்து என் அத்தியாயத்தைத் திரும்பக் கேட்டேன். 'அச்சுக்குப் போயிடுச்சு சார், ரொம்ப அழகா வந்திருக்கு' என்கிறாள். ஐந்தாம் பக்கம் இல்லாமல், என் சிரித்த முகத்தோடு.

அதனால் வேறு ஒன்று செய்தேன். ஓய்வூதியர் சங்கத்தில் முகவரிப் பட்டியலை வாங்கினேன். பழைய அசெம்ப்ளி ஹாலிலும் ஸ்டோர்ஸிலும் வேலை செய்தவர்கள் நாற்பத்து மூன்று பேர் கிடைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் கையால் எழுதினேன். அச்சடிக்கவில்லை. அச்சடித்தால் சுற்றறிக்கை என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். எழுதியது இதுதான்:

'ஒன்பதாம் ராக்கெட் தோற்றது என் வடிவமைப்பில் இருந்த குறையால். வால்வின் ஸ்லீவ் உள்ளேயே சீவல் உண்டாக்கியது. அதைக் கோத்தவர் மேல் எந்தத் தவறும் இல்லை. அவர் மூன்று தடவை ஃப்ளஷ் செய்தார். விசாரணையில் நான் வாய்ப்பில்லை என்று சொன்னேன். பிறகு உண்மை தெரிந்தும் ஒன்பது வருடம் மறைத்தேன். அவரை நீங்கள் என்ன பெயரால் கூப்பிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெயர் எனக்கு உரியது.'

கீழே கையெழுத்தும் என் முகவரியும் போட்டிருக்கிறேன். ஏழு கடிதங்கள் ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டன. மூன்று பேர் என்னைத் திட்டி எழுதியிருக்கிறார்கள். ஆபீஸின் பெயரைக் கெடுக்கிறேனாம்.

தங்கச்சி எப்படி இருக்கிறாள்? ஒரு வரி போதும்.

உங்கள் மச்சான்


மார்ச் 28

மச்சானுக்கு,

ஒரு வரி கேட்டீர்கள். நீங்கள் வந்துபோன அன்று சாயங்காலமே அவள் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். 'எப்ப வருவே?' என்று கேட்டேன். 'ஒம்போது வருஷம் ஆகட்டும்' என்றாள். என்னுடைய சமையலை நானே இருபத்தொன்பது நாள் தின்றேன். அந்தக் கோபமும் உங்கள் மேல்தான்.

உங்கள் கடிதம் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது. முதலில் ஹாலில் ஃபோர்மேனாக இருந்தவர் போன் செய்தார். என்னை முதன்முதலில் அந்தப் பெயரால் கூப்பிட்டவரே அவர்தான். நான் எடுத்ததும் இருமினார்.

'என்னப்பா, எப்படி இருக்க?'

'இருக்கேன்.'

'லெட்டர் வந்துச்சு.'

'ம்.'

'நான் அப்பவே நெனச்சேன், நீ அப்படிப்பட்ட ஆள் இல்லையேன்னு.'

'அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே.'

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டார். அப்புறம் ஆறேழு பேர் பேசினார்கள். எல்லோருமே அப்போதே நினைத்தவர்கள்தானாம். இத்தனை பேர் நினைத்திருக்கிறார்கள், நான் ஒருவன்தான் ஸ்டோர்ஸில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். போனை வைத்த பிறகு ஒரு தடவை சுவரில் குத்தினேன். இந்த வயதில் அது தேவையா? விரல் வீங்கிவிட்டது. அதனால்தான் பதில் எழுத இத்தனை நாள்.

மலரும் வந்தது. உங்கள் பல் எல்லாம் தெரிகிறது.

உங்களை மன்னித்துவிட்டதாக எழுத எனக்கு மனசு வரவில்லை. நாற்பத்து மூன்று தடவை கையால் எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குத் தெரிகிறது. உங்கள் கையெழுத்து கடைசியில் எப்படிக் கோணியிருக்கும் என்றும் தெரிகிறது. ஆனால் அதைப் பதினான்கு வருடத்துக்கு எதிரில் வைத்தால் தராசு அசைய மாட்டேன் என்கிறது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? நமக்குள் அது போதும் போதும் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். பையைக் கீழே வைத்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். 'ஒக்காருங்க' என்றாள். நாற்காலியில் எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று தயாராக இருந்தேன்.

'அன்னைக்கி அந்த ரூமுக்குள்ள என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க' என்றாள். 'மொதல்லேருந்து.'

சொன்னேன். செருப்பைக் கழற்றுகிற இடத்திலிருந்து தொடங்கினேன். தலைக்கு உறை, முகத்துக்கு உறை, மேலங்கி, இரண்டு ஜோடிக் கையுறை. காற்று வீசுகிற சின்ன அறையில் கையைத் தூக்கிக்கொண்டு சுற்றி நிற்க வேண்டும். தட்டில் பாகங்களை எப்படி வரிசையாக வைப்போம், ஸ்பிரிங்கை எந்த விரலால் அழுத்தி உள்ளே விடுவோம், முதல் ஃப்ளஷ் எவ்வளவு நேரம், வடிகிற திரவத்தை வெள்ளைத் தாளில் பிடித்து விளக்கடியில் எப்படிப் பார்ப்போம், எல்லாம் சொன்னேன். 'தாள்ல என்ன இருந்துச்சு?' என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். 'ரெண்டாவது தடவ?' அப்போதும் ஒன்றும் இல்லை. 'அப்ப எதுக்கு மூணாவது?' செய்ய வேண்டும் என்று விதி, அதனால் செய்தேன் என்றேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் கை தானாக ஆடிக்கொண்டிருந்தது, இல்லாத வால்வைப் பிடித்துக் கோப்பது மாதிரி. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினெட்டு வருடத்தில் என்னிடம் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான், மச்சான். கமிட்டி என்னை இரண்டு நாள் விசாரித்தது. நான் என்ன செய்யாமல் விட்டேன் என்றுதான் கேட்டது.